மெஷின் ரூமில் குடியிருந்தவர்

லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் முதலில் வாய்தான் பேச வேண்டும், கை அப்புறம் வேலை செய்தால் போதும் என்பது லிஃப்ட்காரரின் கொள்கை. மற்ற மெக்கானிக்குகள் வந்ததும் வராததுமாகக் கருவிப் பையைத் திறப்பார்கள். இவர் கதவு இடுக்கில் வாயை வைத்து, "நான் வந்துட்டேங்க, பயப்படாதீங்க. உங்க வீட்ல யார் யார் இருக்காங்க?" என்று கேட்பார். இருட்டில் வேர்த்து விறுவிறுத்து நிற்கிற மனிதர் இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்க மாட்டார். மனைவி, பிள்ளை, மாமியார் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பிப்பார். மாமியார் பேச்சு வந்துவிட்டால் மற்ற பயமெல்லாம் தானாகப் போய்விடும் என்பார் லிஃப்ட்காரர். பேச்சு முடிவதற்குள் கதவு திறந்துவிடும்.

இப்படி ஊரார் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு திரிந்த மனுஷர், தன் வீட்டில் தானே இல்லாமல் போனார். அது எப்படி என்று சொல்கிறேன்.

அவரும் மனைவியும் மகளும் முதலில் நகரத்துக்குள்ளேயே ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். ஒரு அறை, ஒரு சமையலறை. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இங்கிருந்தே வாழ்த்தலாம், சுவர் அவ்வளவு மெல்லிசு. வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை வாடகையைக் கூட்டுவார். கூட்டுகிற அன்றைக்கு மட்டும் குழந்தை எப்படிப் படிக்கிறது என்று ரொம்பப் பிரியமாக விசாரிப்பார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மனைவியின் அண்ணன் வந்தால்தான் பொறுக்க முடியாது. அவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவார்.

"என்ன மாப்பிள்ளை, இன்னும் இதே கூண்டுதானா? எலி வளையானாலும் தனி வளை வேணும். ஊர்ல எல்லாரையும் மேல ஏத்தி விடுறீங்க, நீங்க மட்டும் தரையிலேயே நிக்கிறீங்களே."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சிரித்துக்கொண்டு சொல்வது ஊசி மாதிரி. இறங்கும்போது தெரியாது, அப்புறம்தான் வலிக்கும்.

நகரத்துக்குள் வீடு விசாரித்தார்கள். விலையைக் கேட்டதும் மனைவி, "நாம கேட்டது ஒரு வீட்டு விலைங்க. அவர் தெரு விலையைச் சொல்றார் போல" என்றாள். சரி, கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம் என்றார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி, அதற்கும் தள்ளி என்று போய், கையிருப்பும் பாங்குக் கடனும் ஒரு வீட்டோடு பொருந்தும்போது நகரம் முடிந்து, அடுத்த ஊரும் முடிந்து, ரயில் பாதையே முடிந்துபோயிருந்தது.

புரோக்கர் ரொம்ப நம்பிக்கையான ஆள். "இப்போதைக்கு ஸ்டேஷனுக்கு பஸ்ல போகணும். ஆனா புது ஸ்டேஷன் ஒண்ணு இங்கேயே வருதுங்க" என்றார்.

"எப்போ வரும்?"

"வந்துகிட்டே இருக்குங்க."

"நடந்து வருதோ?" என்றாள் மனைவி. புரோக்கர் அதற்கும் சிரித்தார். அவருக்கு என்ன, கமிஷன் வாங்கப்போகிறவர் சிரிக்காமல் என்ன செய்வார்.

அங்கேதான் ஒரு தப்பு நடந்தது. வாரம் முழுக்க வேலைக்கு ஓடுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. வீட்டை ஞாயிற்றுக்கிழமையில் போய்ப் பார்த்தார்கள். வேறு நாளில் லீவுக்கு எங்கே போவது? புரோக்கரின் காரில் போனார்கள். சாலை துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. மகள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுவதற்குள் வீடு வந்துவிட்டது. இரண்டு படுக்கையறை, பின்னால் துணி காயப்போட இடம், சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஆகாயம். மனைவி அந்த ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். லிஃப்ட்காரர் ஒவ்வொரு கதவையும் மூடித் திறந்து, சட்டத்தில் சரியாக உட்காருகிறதா என்று பார்த்தார். தொழில் புத்தி. கதவைப் பார்த்தவர் தூரத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கே கடவுளுக்கு நன்றி சொல்லி அட்வான்ஸ் கொடுத்தார்கள். கடவுள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டிருந்தால்தானே சொல்லியிருப்பார்?

குடி போய், முதல் திங்கட்கிழமை வந்தது. ஒரு பஸ், ஒரு ரயில், மறுபடி ஒரு பஸ். ரயிலில் காலை ஊன்ற இடம் கிடைத்தால் கையைப் பிடிக்க இடம் கிடைக்காது. முன்னால் நிற்கிறவரின் சட்டைக் காலரை அவர் தன் சொந்தச் சட்டையைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். மகள் எழுவதற்கு முன்னால் புறப்படுவார், அவள் தூங்கின பிறகு வந்து சேருவார். மகள் வளர்ந்ததை அவர் படுத்த வாக்கில்தான் பார்த்தார். ஒருநாள் பார்த்தால் கால் பாயைத் தாண்டிக் கிடந்தது.

இதாவது பரவாயில்லை. அவர் வேலையில் இன்னொரு சங்கடம் இருந்தது. வாரம் விட்டு வாரம் அவருக்கு அவசர டியூட்டி. அந்த வாரத்தில் எங்கேயாவது லிஃப்ட் நின்றுவிட்டால், கூப்பிட்ட அரை மணிக்குள் போய் நிற்க வேண்டும். ரயில் பாதை முடிகிற இடத்திலிருந்து அரை மணிக்குள் பல் தேய்த்து முடிக்கலாம், வந்து நிற்க முடியாது. அதற்காக டியூட்டிக்காரர்கள் படுத்துக்கொள்ளக் கம்பெனி நகரத்தில் ஓர் அறை வைத்திருந்தது. கட்டில் உண்டு, ஃபேன் உண்டு. மனைவியிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் தங்கினார். தங்கினால் கூலி கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், கடனை நினைத்து மற்றவர்களுடைய டியூட்டி வாரங்களையும் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக, அவர் வீட்டுக்குப் போவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஆகிவிட்டது.

பிறகு அந்த அறைக்கும் வாடகை ஏறியது. கட்டுபடியாகவில்லை என்று கம்பெனி காலி செய்துவிட்டது. ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுகிற கம்பெனிக்கே அந்த நகரத்தில் ஓர் அறைக்கு வக்கில்லை என்றால், மாதச் சம்பளக்காரன் எம்மாத்திரம்! லிஃப்ட்காரர் இதை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் மனைவி டியூட்டியை விடச் சொல்வாள். டியூட்டியை விட்டால் கடனைக் கட்ட முடியாது. அதனால் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு, தான் பராமரிக்கிற கட்டடங்களிலேயே உயரமான ஒன்றின் உச்சிக்குப் போய்விட்டார்.

லிஃப்ட் இருக்கிற பழைய கட்டடங்களில் மொட்டை மாடிக்கு மேலே ஒரு சின்ன அறை கட்டியிருப்பார்கள். லிஃப்ட்டை இழுக்கிற மோட்டார் அங்கேதான் இருக்கும். மெஷின் ரூம் என்பார்கள். சாவி மெக்கானிக்கிடமும் காவலாளியிடமும் மட்டும் இருக்கும். மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவே, தரையில் மஞ்சள் கோடு போட்ட இடத்துக்கு இந்தப் பக்கம், ஒரு ஆள் படுக்கலாம். தண்ணீர்த் தொட்டியடியில் ஒரு குழாய், குளிக்க அது போதும். பனியனைத் தொட்டிக்குப் பின்னால் காயப்போடுவார், குடியிருப்பவர்கள் கண்ணில் படாதபடி. கீழே ஒரு வீட்டின் விலை அவர் ஏழு ஜென்மத்துக்குச் சம்பாதித்தாலும் எட்டாது. அத்தனை வீட்டுக்கும் மேலே அவர் சும்மா குடியிருந்தார். காவலாளி மட்டும் விஷயம் தெரிந்தவன். "என்னண்ணே, மேல்வீட்டுக்காரரே" என்று கூப்பிடுவான்.

அந்த அறையில் ஒரு விசேஷம் உண்டு. இரும்பு வடங்கள் கீழே இறங்குவதற்காகத் தரையில் ஓட்டைகள் விட்டிருப்பார்கள். லிஃப்ட் உச்சியை நெருங்க நெருங்க, உள்ளே பேசுகிறவர்களின் குரல் அந்த ஓட்டை வழியாக மேலே வரும். சாயங்காலம் யாரோ ஒரு அப்பா, "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன பண்ணே?" என்று கேட்பார். பிள்ளை பதில் சொல்லும். சண்டை வரும், சிரிப்பு வரும், கதவு திறந்து எல்லோரும் போய்விடுவார்கள். லிஃப்ட்காரர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். ஒட்டுக்கேட்பது பாவம்தான். ஆனால் காதுக்குக் கதவு வைக்காமல் படைத்தவன் அதை மன்னிக்க மாட்டானா என்ன.

சொந்த வீடோ அவர் இல்லாமலே நடக்கப் பழகிவிட்டது. அவர் துண்டு போடுகிற ஆணியில் மகளின் பை தொங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சோப்பைத் தேட, மகள் ஓடிவந்து, "நான் எடுத்துத் தர்றேன்ப்பா, உங்களுக்கு இடம் தெரியாது" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். வந்த விருந்தாளிக்குச் சொல்வது போல.

மகளுக்குப் பள்ளி விடுமுறை வந்தது. கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவி அவளை நகரத்துக்கு அழைத்து வந்து கண் பரிசோதித்துக் கண்ணாடியும் வாங்கிப் போட்டாள். வந்ததுதான் வந்தோம், அப்பாவைப் பார்த்துவிட்டு, மூன்று பேருமாகக் கடையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று கம்பெனிக்கு போன் செய்தாள். எடுத்தவர் பாவம், ஒன்றும் அறியாதவர். "அவர் இந்நேரம் அந்தக் கட்டடத்துல இருப்பாரேம்மா" என்று வழி சொல்லிவிட்டார்.

கீழே காவலாளி கேட்டான். "யாரைப் பார்க்கணும்?"

"லிஃப்ட் மெக்கானிக்கை."

"மேல்வீட்டுக்காரரையா? போங்க போங்க, வீட்லதான் இருக்கார்."

அப்போது லிஃப்ட்காரர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு இருந்தார். காலையிலிருந்து அவசர அழைப்புகள், சாயங்காலம்தான் சவரம் செய்ய நேரம் கிடைத்தது. மோட்டார் சுற்ற ஆரம்பித்தது. வழக்கம்போல ஒரு குரல் மேலே வந்தது.

"அம்மா, அப்பாவுக்கு இங்க ஒரு வீடு இருக்கா?"

ரேசர் கையில் நின்றுவிட்டது.

"இருக்காம்."

"அப்போ நமக்கு மொத்தம் ரெண்டு வீடா?"

வடம் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு மனைவியின் குரல். "ரெண்டு வீடுதான். ஒண்ணுல அப்பா இல்ல, இன்னொண்ணுல நாம இல்ல."

பாயை எட்டி உதைத்து ஒளிக்கப் பார்த்தார். ஃபிளாஸ்க் உருண்டு டமார் என்று விழுந்தது. அவர் கதவைத் திறக்கவும் அவர்கள் படியேறி வரவும் சரியாக இருந்தது.

மனைவி எதிலும் அவசரப்படாதவள். உள்ளே வந்து பாயைப் பார்த்தாள், ஃபிளாஸ்க்கை எடுத்து நிமிர்த்தி வைத்தாள், சுவரில் செருகியிருந்த சீப்பைப் பார்த்தாள்.

"நல்ல வீடுதான். வாடகை இல்ல, வீட்டுக்காரர் தொல்லை இல்ல. எங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றாள்.

"இல்லம்மா, சொல்லணும்னுதான்..."

"கட்டில், ஃபேன் எல்லாம் எங்க?"

"இருந்துச்சு. கம்பெனி காலி பண்ணிடுச்சு."

"எப்போ?"

அவர் காய்ந்துபோன நுரையைத் துடைத்தார்.

மகள் மட்டும் சந்தோஷமாக இருந்தாள். மொட்டை மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நகரம் முழுவதையும் புதுக் கண்ணாடியால் பார்த்தாள். "நம்ம வீடு எங்கப்பா?" என்றாள். அவர் கையை நீட்டினார். கட்டடங்கள், அதற்கப்பால் கட்டடங்கள், அதற்கும் அப்பால் புகை மாதிரி ஒரு வெளுப்பு. "அதுக்கும் அந்தாண்ட."

"புதுக் கண்ணாடி போட்டும் தெரியலையே!"

தண்ணீர்த் தொட்டியின் படியில் உட்கார்ந்திருந்த மனைவி சொன்னாள். "என்னங்க, அந்த வீட்டை வாடகைக்கு விட்டுட்டு இங்கேயே எங்கேயாவது வந்துடலாம்."

"வாங்கின வீட்டை விட்டுட்டு மறுபடியும் வாடகைக்கா? உங்க அண்ணன் என்ன சொல்வார்?"

"எங்கண்ணன் உங்ககூட ரயில்ல தொங்கிட்டு வரப்போறாரா?"

"இங்க நமக்குக் கிடைக்கிறது பழையபடி கூண்டுதான். அந்த ஜன்னலை நீ எவ்வளவு ஆசையா..."

"ஜன்னல் ஆசைதான். ஆனா அதுல நான் என்னத்தைப் பார்க்கிறேன்? நீங்க வர்ற வழியைத்தான். வீடு எங்க ஓடிப்போகுது? செங்கல்லுக்குக் காலா முளைச்சிருக்கு? அது அங்கேயே நிக்கட்டும். நாம ஒண்ணா இருப்போம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நியாயம் அவள் பக்கம் என்று தெரியும். ஆனால் சொந்த வீட்டுக்காரன் என்று மச்சான் ஒரே ஒருமுறை தோளில் தட்டியிருந்தாரே, அந்தத் தட்டலை எப்படித் திருப்பிக் கொடுப்பது? "யோசிக்கலாம்" என்றார். யோசிக்கலாம் என்றால் அவர் அகராதியில் மாட்டேன் என்று அர்த்தம். மனைவிக்கும் அது தெரியும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாடி, ரயிலுக்கு நேரமாச்சு" என்று எழுந்தாள்.

அந்த நேரத்தில் மணி அடித்தது. லிஃப்ட்டுக்குள்ளிருந்து யாரோ அபாய மணியை அழுத்திக்கொண்டிருந்தார்கள். மோட்டார் நின்றுபோயிருந்தது.

லிஃப்ட்காரர் மெஷின் ரூமுக்குள் ஓடினார். மனைவியும் மகளும் பின்னாலேயே வந்தார்கள். "மஞ்சக் கோட்டைத் தாண்டக் கூடாது" என்று கையைக் காட்டிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்தார். தரையில் முழங்காலிட்டு வட ஓட்டையில் குனிந்தார்.

"நான் இருக்கேங்க, பயப்படாதீங்க. உங்க வீட்ல யார் யார் இருக்காங்க?"

கீழேயிருந்து வயதான ஒருவரின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது. "யாருமில்லப்பா, நான் மட்டும்தான். பிள்ளைங்க எல்லாம் தூரத்துல."

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதில் வந்ததில்லை. லிஃப்ட்காரருக்கு அடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. பிரேக்கை விடுவிக்க வேண்டும், கைச்சக்கரத்தைச் சுற்றி லிஃப்ட்டை நகர்த்த வேண்டும், பேச்சும் விட்டுப்போகக் கூடாது. அவர் தடுமாறியதைப் பார்த்துவிட்டு, மகள் கோட்டுக்கு இந்தப் பக்கமே குப்புறப் படுத்துக் கத்தினாள்.

"தாத்தா! அழாதீங்க! எங்கப்பா வருவார்!"

"எப்பம்மா வருவார்?"

"அவர் லேட்டாத்தான் வருவார் தாத்தா. நீங்க தூங்கிக்கூடப் போயிடுவீங்க. ஆனா வந்துடுவார்."

கீழே பெரியவர் சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை. அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். லிஃப்ட்காரர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். வடத்தில் பூசியிருந்த வெள்ளைக் குறி, லிஃப்ட் ஒரு மாடிக்கு நேராக வந்துவிட்டது என்று காட்டியதும் பிரேக்கைப் போட்டுவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். பெரியவரைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து, அவர் வீட்டு வாசல் வரை விட்டுவிட்டு, லிஃப்ட்டைச் சரி செய்துவிட்டு மேலே வந்தார்.

"வாடகைக்கு விட்டுடலாம்" என்றார்.

மனைவி திரும்பக் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடும் என்று பயந்தாளோ என்னவோ. பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டுக்கு ஓர் ஆசிரியத் தம்பதி குடிவந்தார்கள். அவர்களுடைய பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவிலேயே இருந்தது. நடந்து போய்விட்டு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருகிறவர்கள். அந்த வீடு அவர்களுக்காகத்தான் கட்டப்பட்டது போலிருக்கிறது, நடுவில் நாம்தான் தெரியாமல் புகுந்துவிட்டோம் என்றாள் மனைவி.

இவர்களுக்கு நகரத்தில் ஒரு சலவைக்கடைக்கு மேலே இரண்டு சின்ன அறை கிடைத்தது. தரை எந்நேரமும் கொஞ்சம் சூடாக இருக்கும். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். அங்கே வருகிற வாடகை இங்கே கொடுக்கிற வாடகைக்குப் போதவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மருந்துக்கடையில் இருந்தவள் என்பதால், மனைவி அதே வேலைக்கு மறுபடி போனாள். இவர் மற்றவர்களின் டியூட்டியை வாங்குவதை நிறுத்திக்கொண்டார். பாங்குக் கடன் இன்னும் வெகு தூரம் இருக்கிறது. அதை யாரும் இல்லையென்று சொல்லவில்லை.

மச்சான் ஒருநாள் வந்தார். அறையைச் சுற்றிப் பார்க்க அவருக்குக் கழுத்தைத் திருப்பினால் போதுமாக இருந்தது.

"என்ன மாப்பிள்ளை, ஏறின ஏணியில இறங்கிட்டீங்களே?"

லிஃப்ட்காரர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "அண்ணே, அது ஏணி இல்ல, ரயில். இறங்க வேண்டிய இடத்துல இறங்கினோம். காப்பி குடிக்கிறீங்களா?"

மச்சான் காப்பி குடித்துவிட்டுப் போனார். வலித்ததா என்று கேட்டால், கொஞ்சம் வலித்தது என்றுதான் லிஃப்ட்காரர் சொல்வார். அவர் பொய் சொல்வதை விட்டுவிட்டார்.

ஆரம்பத்தில் மகளுக்கு அப்பா தினமும் வந்தது அதிசயமாக இருந்தது. பிறகு அந்த அதிசயம் தேய்ந்து, தொந்தரவாக மாறியது. சாப்பிட்டாயா, எழுதினாயா, கண்ணாடியைத் துடைத்தாயா என்று பின்னாலேயே வருகிற மனுஷனை அந்த இரண்டு அறையில் எங்கே தள்ளி வைப்பது? ஒரு சாயங்காலம் அவள் நோட்டைப் பட்டென்று மூடினாள்.

"அப்பா, எனக்கு நாளைக்குப் பரீட்சை. நீங்க பேசிட்டே இருந்தா நான் எப்படிப் படிக்கிறது? கொஞ்சம் வெளியில போயிட்டு வாங்களேன்."

"எங்கடி போகச் சொல்ற?"

"எங்கேயாவது போங்கப்பா. தினமும் இங்கேயேதான் இருக்கீங்க!"

லிஃப்ட்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். முகத்தில் வந்த சிரிப்பை அவரால் அடக்க முடியவில்லை. இப்படி விரட்டப்படுவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "என்ன சார், சம்சாரம் துரத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல, பொண்ணு."

மேலேயிருந்து மனைவி தலையை நீட்டினாள். "என்னங்க, போனது போனீங்க, திரும்பி வரும்போது பால் வாங்கிட்டு வாங்க!"

"சரி" என்று சொல்லிவிட்டு, அவர் பால் கடைப் பக்கம் நடந்தார்.